வாக்கரா, சாண்டர்ஸா: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் முதலிடம் யாருக்கு?

344. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் யார் பெரிய ஆள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த எண்தான். 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட் அணியின் பாரி சாண்டர்ஸ், 11 ஆட்டங்களில் 344 தடவை பந்தை ஏந்தி ஓடி 2,628 யார்டு எடுத்தார். 2024இல் பாய்சி ஸ்டேட் அணியின் ஆஷ்டன் ஜென்டி, தேசியப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்கு முன்னால் ஆடிய 13 ஆட்டங்களில் அதே 344 தடவை ஓடி 2,497 யார்டு எடுத்தார். முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர், எண்ணி வைத்தது போல ஒரே அளவு ஓட்டம்.

பிறகு 2024 டிசம்பர் 31 அன்று, சீசன் முடிவில் நடக்கும் பவுல் எனப்படும் சிறப்பு ஆட்டங்களில் ஒன்றான ஃபியஸ்டா பவுல் வந்தது. ஜென்டிக்குத் தேவைப்பட்டது 132 யார்டு. பென் ஸ்டேட் அணி அவரை மறித்து மறித்தே 30 ஓட்டங்களில் 104 யார்டுக்கு மேல் விடவில்லை. சீசன் கணக்கு 2,601இல் நின்றது. "27 யார்டில் தவறிப்போச்சே" என்று அன்றிரவு வருத்தப்படாதவர்கள் குறைவு.

எனக்கு அந்த 27 என்ற கணக்கிலேயே உடன்பாடில்லை. 1988இல் சாண்டர்ஸும் ஒரு பவுல் ஆட்டம் ஆடினார். ஹாலிடே பவுலில் வயோமிங் அணிக்கு எதிராக 222 யார்டு, 5 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது). ஆனால் அந்தக் காலத்தில் பவுல் ஆட்டங்களின் எண்களைக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ சீசன் கணக்கில் சேர்க்காது. சேர்க்கத் தொடங்கியது 2002இல்தான். ஜென்டியின் 104 கணக்கில் ஏறியது, சாண்டர்ஸின் 222 ஏறவில்லை. இருவருக்கும் ஒரே படியால் அளந்தால் சாண்டர்ஸ் 12 ஆட்டங்களில் 2,850, ஜென்டி 14 ஆட்டங்களில் 2,601. இடைவெளி 249 யார்டு. இதில் ஜென்டியின் தவறு எதுவும் இல்லை. ஆனால் பழைய வீரர்களையும் புதிய வீரர்களையும் ஒரே பட்டியலில் வைக்கும் எவரும் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் பேசக்கூடாது என்பது என் கட்சி.

இதே சிக்கல் ஒருவரின் கல்லூரி ஆண்டுகள் எல்லாவற்றுக்குமான மொத்தக் கணக்கிலும் உண்டு. சான் டியேகோ ஸ்டேட் அணியின் டொனல் பம்ஃப்ரி 2016இல் 6,405 யார்டுடன் அதிகாரபூர்வச் சாதனையாளர் ஆனார். அவர் தாண்டியது விஸ்கான்சின் அணியின் ரான் டேனை. டேனின் அதிகாரபூர்வ எண் 6,397. பவுல் ஆட்டங்களையும் சேர்த்தால் டேனின் எண் 7,125! சாதனைப் புத்தகத்தைத் திறந்து மேலே இருக்கும் பெயரைப் படித்துவிட்டு விவாதத்தை முடித்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, எனக்கு முன்னால் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு குறிப்பிட்ட ஆண்டின் சிறந்த வீரர் யார் என்பது. அதற்கு ஹைஸ்மன் டிராபி இருக்கிறது. இன்னொன்று, எல்லாக் காலத்துக்கும் சேர்த்து வரிசை போடுவது. பலரும் முதலாவதன் விடையை எடுத்து இரண்டாவதற்கும் ஒட்டிவிடுகிறார்கள். அது ஏன் சரிவராது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஹைஸ்மன் விருது 1935இல் நியூயார்க் நகரின் டவுன்டவுன் அத்லெடிக் கிளப்பில் தொடங்கியது. முதலில் வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். கிளப்பின் விளையாட்டு இயக்குநராக இருந்த ஜான் ஹைஸ்மன் 1936இல் இறந்ததும் விருதுக்கு அவர் பெயர் வந்தது. இன்று நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 145 பேர் வீதம் 870 பத்திரிகை, ஊடகக்காரர்கள் வாக்களிக்கிறார்கள். முன்பு விருது வாங்கியவர்களுக்கும் வாக்கு உண்டு. ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கு. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை எழுத வேண்டும். முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 1.

இந்த முறையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சீசனின் மிக முக்கியமான ஆட்டங்கள், அதாவது பவுல், பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்கும் முன்பே வாக்குப்பெட்டியை மூடிவிடுகிறார்கள். 2005ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்சி அணியின் ரெஜி புஷ்ஷுக்கு முதலிட வாக்குகள் 784, டெக்சஸ் அணியின் வின்ஸ் யங்குக்கு 79. சில வாரங்கள் கழித்து, 2006 ஜனவரி 4 அன்று ரோஸ் பவுலில் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதின. யங் எறிந்து 267 யார்டு, ஓடி 200 யார்டு. கடைசி 19 வினாடி மீதமிருக்கும்போது, நான்காவது முயற்சியில், 8 யார்டு தூரத்திலிருந்து தானே ஓடி எல்லைக்குள் நுழைந்தார். டெக்சஸ் 41, யூஎஸ்சி 38. மறுநாள் வாக்கெடுப்பு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே வேண்டியதில்லை. (புஷ் வெளியாரிடம் சலுகை பெற்றார் என்ற விவகாரத்தில் 2010இல் கோப்பையைத் திருப்பிக் கொடுத்ததும், 2024இல் அது அவரிடமே திரும்பி வந்ததும் தனிக் கதை. திரும்பி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.)

இந்த ஓட்டையை மனதில் வைத்துக்கொண்டு 2024க்கு வருவோம். அந்த ஆண்டு விருது கொலராடோ அணியின் டிராவிஸ் ஹன்டருக்குப் போனது. ஹன்டர் 2,231 புள்ளி, ஜென்டி 2,017. முதலிட வாக்குகளில் 552க்கு 309. 2009இல் அலபாமாவின் மார்க் இங்கிராம் வெறும் 28 புள்ளியில் ஸ்டான்ஃபோர்டின் டோபி கெர்ஹார்ட்டை முந்திய பிறகு இவ்வளவு நெருக்கமான போட்டி இதுதான்.

ஜென்டி பக்கம் பேசுகிறவர்களின் வாதம் வலுவானது. ஹன்டர் தாக்குவது, தடுப்பது என்று இரண்டு வேலை செய்தார், ஆனால் இரண்டில் எதிலும் வரலாற்றுச் சாதனை இல்லை. ஜென்டி ஒரே வேலை செய்தார், அதில் வரலாற்றின் உச்சிக்குப் பக்கத்தில் போனார். பாய்சி ஸ்டேட் ஆடியது எளிய அணிகளோடுதானே என்று மடக்குபவர்களுக்கும் பதில் இருக்கிறது. விருது அறிவிக்கும் நாள்வரை ஒரு தோல்வியும் காணாத ஓரிகன் அணிக்கு எதிராக, அவர்கள் மைதானத்திலேயே, ஜென்டி 192 யார்டும் 3 டச்டவுனும் எடுத்தார். பாய்சி 37-34இல் தோற்றது, அவரால் அல்ல. அவர் எடுத்த யார்டுகளில் பெரும்பகுதி, எதிராளி ஒருவர் மேலே மோதிய பிறகு எடுத்தவை. அப்படி ஓடுபவரை எந்த அணியும் எதிரில் பார்க்க விரும்பாது.

இருந்தும் என் வாக்கு ஹன்டருக்குத்தான். கல்லூரி ஃபுட்பாலில் இன்று தாக்கும் அணி வேறு, தடுக்கும் அணி வேறு. ஒரு பக்கம் ஆடி முடித்தவர் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார். ஹன்டர் உட்காரவே இல்லை. வாக்கெடுப்புக்கு முன்பு அவர் பிடித்த பந்துகள் 92, யார்டு 1,152, டச்டவுன் 14. திரும்பி நின்று தடுக்கும்போது எதிரணி எறிந்த பந்தில் நான்கைப் பறித்தார். எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் சிறந்தவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் சிறந்த தற்காப்பு வீரருக்கான பெட்நாரிக் விருதும் ஒரே ஆண்டில் ஒரே ஆளுக்குப் போயின. பெய்லருக்கு எதிரான ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், எல்லைக்கோட்டுக்கு ஒரு அடி முன்னால் ஓடிவந்தவரின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு ஆட்டத்தை முடித்தாரே, அந்த ஒரு நொடியைப் பல தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அவர் அப்போது களைத்திருக்க வேண்டும். களைத்தவர் போலவே தெரியவில்லை. 1997இல் மிச்சிகனின் சார்லஸ் வுட்சன், பேட்டன் மேனிங்கை முந்தி விருது வாங்கிய முதல் தற்காப்பு வீரர் ஆனபோதுகூட, தாக்கும் பக்கத்தில் அவர் கைகொடுத்தது அவ்வப்போதுதான். ஹன்டருக்கு இரண்டுமே முழுநேர வேலை.

சரி, ஆண்டின் விருதுக்கு ஹன்டர். ஆனால் எல்லாக் கால வரிசையில் ஹன்டரை எங்கே வைப்பது? இங்கேதான் கேள்வியே மாறுகிறது.

கோப்பைகளை எண்ணி வரிசை போடுபவர்களுக்கு ஓஹையோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின்தான் முதலிடம். 1974, 1975 என்று இரண்டு தடவை ஹைஸ்மன் வாங்கிய ஒரே ஆள். தொடர்ந்து 31 ஆட்டங்களில் 100 யார்டுக்கு மேல் ஓடியவர். நான்கு ரோஸ் பவுல் ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே களமிறங்கியவர். அவரைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. ஆனால் இரண்டாவது கோப்பை வாங்கிய 1975இல் அவர் எடுத்த டச்டவுன்கள் நான்குதான். அதே அணியில் பீட் ஜான்சன் 25 எடுத்தார். அந்த ஆண்டு வாக்களித்தவர்கள் கிரிஃபினின் மொத்த வாழ்க்கையையும் பார்த்து வாக்களித்தார்கள் என்றே நினைக்கிறேன். அது நல்ல மனசுதான், ஆனால் ஒரு ஆண்டுக்கான விருதை அப்படிக் கொடுத்தால் இரண்டு கேள்விகளும் குழம்பிவிடும். அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க்கின் டோனி டோர்செட், 6,000 யார்டைத் தாண்டிய முதல் ஆளாகி, தோல்வியே இல்லாமல் தேசியப் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார். கிரிஃபினை டோர்செட்டுக்கு மேலே வைக்கச் சொன்னால் என் கை எழாது.

கோப்பையை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் ஜிம் பிரவுன். 1956இல் சிரக்யூஸ் அணிக்காக எட்டு ஆட்டங்களில் 986 யார்டு. கோல்கேட் அணிக்கு எதிராக, பவுலுக்கு முந்தைய கடைசி ஆட்டத்தில் ஆறு டச்டவுனும், காலால் உதைத்து ஏழு கூடுதல் புள்ளியும் சேர்த்துத் தனி ஆளாக 43 புள்ளி. ஹைஸ்மன் வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாமிடம். வாங்கியவர் நோட்டர் டேமின் பால் ஹார்னங். அவருடைய அணி அந்த ஆண்டு 2 வெற்றி, 8 தோல்வி. அதுவரை ஒரு கறுப்பின வீரருக்கும் ஹைஸ்மன் போனதில்லை. முதலில் போனது 1961இல், பிரவுனின் அதே சிரக்யூஸில் அதே 44ஆம் எண் சட்டை போட்ட எர்னி டேவிஸுக்கு. டேவிஸ் தொழில்முறை லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 1963இல் இரத்தப் புற்றுநோயில் போய்விட்டார், 23 வயதில். இந்த வரியை எழுதும்போது இப்போதும் மனது கனக்கிறது.

கல்லூரி ஃபுட்பாலின் 150 ஆண்டு நிறைவையொட்டி விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் வெளியிட்ட வரிசையில் ஜிம் பிரவுன் முதலிடம், ஜார்ஜியா அணியின் ஹெர்ஷல் வாக்கர் இரண்டாமிடம். பிரவுனுக்கு அன்று நடந்த அநியாயத்தை இன்று சரிசெய்யும் ஆசை அதில் தெரிகிறது, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கறாராகப் பார்த்தால், பிரவுனின் பெயருக்கு இருக்கும் எடையில் பெரும்பங்கு பிறகு தொழில்முறை லீகின் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியில் அவர் செய்தது. கல்லூரியில் மிகப் பெரிய சீசன் என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கல்லூரி வரிசை என்றால் கல்லூரியில் ஆடியதை மட்டும் பார்க்க வேண்டும். அதனால் அவரை முதலிடத்தில் வைக்க என்னால் முடியவில்லை. மூன்றாமிடம்.

மிச்சம் இரண்டு பேர்.

சாண்டர்ஸின் 1988க்கு நிகரான சீசன் கிடையாது. ஓட்டத்துக்குச் சராசரி 7.6 யார்டு. நான்கு ஆட்டங்களில் 300 யார்டுக்கு மேல். பவுலைச் சேர்க்காமலே 37 ஓட்ட டச்டவுன்கள். சீசனின் முதல் ஆட்டத்தில் முதல் உதையைப் பிடித்து 100 யார்டு ஓடி முடித்தவர், பவுலுக்கு முந்தைய கடைசி ஆட்டத்தை டோக்கியோவில் டெக்சஸ் டெக் அணிக்கு எதிராக ஆடி 332 யார்டு எடுத்தார். ஹைஸ்மன் அறிவிப்பு வந்தபோதும் அங்கேதான் இருந்தார். பெரிய அணிகளிடம் சுருங்கிப் போகிறவரும் அல்ல. அந்த ஆண்டு ஓக்லஹோமா ஸ்டேட் தோற்ற இரண்டு ஆட்டங்களும் நெப்ராஸ்கா, ஓக்லஹோமா என்ற இரண்டு மலைகளிடம். நெப்ராஸ்காவிடம் 63-42 என்று தோற்றது தடுப்பு ஆட்டம் ஓட்டையானதால். 42 புள்ளி எடுத்தும் தோற்றால் ஓடுபவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அது ஒரே ஒரு சீசன். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் சாண்டர்ஸ், தர்மன் தாமஸ் என்ற இன்னொரு பெரிய வீரருக்குப் பின்னால் காத்திருந்தார். 1988 முடிந்ததும் தொழில்முறைக்குப் போய்விட்டார். இன்னொன்று, அந்த அணியில் எறிவதற்கு மைக் கண்டி இருந்தார், பிடிப்பதற்கு ஹார்ட் லீ டைக்ஸ் இருந்தார். எதிரணி சாண்டர்ஸை மட்டுமே குறிவைத்து ஆட்களைக் குவிக்க முடியாது.

வாக்கரின் கதை நேர் எதிர். ஜார்ஜியாவின் ரைட்ஸ்வில் என்ற சிறிய ஊரிலிருந்து வந்த பையன். 1980இல் முதல் ஆட்டத்திலேயே, டென்னசி அணிக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கி, குறுக்கே நின்றவரை இடித்துச் சாய்த்துவிட்டு ஓடினார். இரண்டு டச்டவுன். ஜார்ஜியா 16-15. அந்த ஆண்டு 1,616 யார்டு, அடுத்து 1,891, அடுத்து 1,752. மூன்றே ஆண்டில் 5,259. ஹைஸ்மனில் மூன்றாமிடம், இரண்டாமிடம், முதலிடம் என்று படிப்படியாக ஏறினார். முதலாண்டு மாணவருக்குக் கோப்பை கொடுக்க அன்றைய வாக்காளர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு முதலாண்டு மாணவருக்கு அது கிடைக்க 2012இல் ஜானி மன்சியல் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைய கண்ணோடு 1980இல் வாக்களித்திருந்தால் வாக்கரின் வீட்டிலும் இரண்டு கோப்பை இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. அந்த மூன்று ஆண்டில் ஜார்ஜியாவின் கணக்கு 33 வெற்றி, 3 தோல்வி.

வாக்கருக்கு எதிராகச் சொல்வதற்கும் இருக்கிறது. ஓட்டத்துக்குச் சராசரி 5.3 யார்டுதான். ஜார்ஜியா ஆடிய அதே லீகில் ஆபர்னின் போ ஜாக்சன் 6.6 எடுத்தார். 1981, 1982 இரண்டு சீசனும் பவுல் தோல்வியில் முடிந்தன. பிட்ஸ்பர்க்கிடம் 24-20, பென் ஸ்டேட்டிடம் 27-23. இரண்டாவது தோல்வியில் தேசியப் பட்டமே கைநழுவியது.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் எங்கே என்று கேட்பீர்கள். 2010இல் ஆபர்னின் கேம் நியூட்டன், 2019இல் எல்எஸ்யூவின் ஜோ பரோ இருவரும் ஒரு சீசன் ராஜாக்கள். பரோ 60 டச்டவுன் எறிந்து, 15 ஆட்டத்திலும் வென்று, ஹைஸ்மன் வரலாற்றிலேயே அதிகமாக 1,846 புள்ளி வித்தியாசத்தில் வாங்கினார். ஒரு சீசன் வரிசையில் சாண்டர்ஸுக்கு அடுத்து அவரைத்தான் வைப்பேன். ஆனால் அந்த எல்எஸ்யூவில் அவர் எறிந்ததைப் பிடிக்க ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் இருந்தார்கள். எல்லாக் கால வரிசைக்கு நான் எடுக்கும் குவார்ட்டர்பேக் நெப்ராஸ்காவின் டாமி ஃபிரேசியர். 1994, 1995 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம், 62-24 என்று ஃபுளோரிடாவைச் சாய்த்த ஃபியஸ்டா பவுலில் மேலே விழுந்தவர்களை எல்லாம் உதறிவிட்டு ஓடிய அந்த 75 யார்டு. ஹைஸ்மனில் அவருக்கும் இரண்டாமிடம்தான்.

என் வரிசை இப்படி நிற்கிறது: வாக்கர், சாண்டர்ஸ், ஜிம் பிரவுன், டோர்செட், ஃபிரேசியர். ஹன்டர் பத்துக்குள் வருவார், ஐந்துக்குள் அல்ல. கொலராடோவில் அவர் முழு உடல்நலத்தோடு ஆடியது ஒரே ஒரு சீசன், 2023இல் அடிபட்டு மூன்று ஆட்டம் வெளியே உட்கார்ந்தார்.

சாண்டர்ஸுக்கு மேலே வாக்கரை வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது உண்மை. அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது 1981 ஜனவரி 1 அன்று நடந்த சுகர் பவுல். எதிரில் நோட்டர் டேம். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வாக்கருக்குத் தோள்பட்டை விலகிவிட்டது. அதோடு திரும்பி வந்து 36 தடவை ஓடினார். ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் எறிந்ததில் அன்று முழுக்க ஒரே ஒரு பந்துதான் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது. எதிரணியில் இருந்த பதினொரு பேருக்கும் பந்து யாரிடம் வரப்போகிறது என்று தெரியும். வாக்கர் எடுத்தது 150 யார்டு, இரண்டு டச்டவுன். ஜார்ஜியா 17-10 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கியது. பின்னால் தள்ளப்பட்டு இழந்த யார்டுகளைக் கழித்தால், அன்றைக்கு அணி முழுவதும் சேர்ந்து எடுத்த மொத்த யார்டு 127.